நகத்தால் கிள்ளிய விண்ணப்பம்

பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் என்பதைக் கறுத்த பெருவிரல் நகம் சொன்னது. அந்த நகம் சும்மா இருக்காது. முதலில் டிக்கெட்டைக் கிள்ளியது, பிறகு சேலை நுனியை.

நான் ஆங்கில ஆசிரியர். இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட இடமாற்ற விண்ணப்பத்தை மூன்றாம் முறையாகக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த அதை அந்த அம்மா எட்டிப் பார்த்துத் தடுமாறாமல் வாசித்தார்: "ஹம்பிள், ஒபீடியன்ட், சின்சியர், டெடிகேட்டட், புவர் அண்ட் டயர்ட் டீச்சர்."

"ஒரு டீச்சருக்கு இத்தனையாங்க சேர்?"

"அழுத்தமா இருக்கட்டும்னுதான்."

"நாங்க ஒரு மொட்டுக்கு ரெண்டு இலைதான் கிள்ளுவோம். அதுக்குக் கீழ முத்தல். போட்டா கங்காணி கூடையவே கொட்டச் சொல்லுவாரு."

சொல்லிக்கொண்டே 'டெடிகேட்டட்' முடிந்த இடத்தில் நகத்தைப் பதித்தார். ஏழையும் களைத்தவருமான ஆசிரியராக மட்டும் மிஞ்சினேன்.

"இது போதும் சேர். மத்ததெல்லாம் உங்க மொகத்துல காணோம்."

ஆஸ்பத்திரி பஸ் ஹோல்ட்டில் இறங்கிப் போய்விட்டார். நான் விண்ணப்பத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். இடமாற்றம் கிடைத்தது.

அவர் எங்கே ஆங்கிலம் படித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. பணிவு என் முகத்தில் ஏன் இல்லை என்றுதான் இன்னும் கண்ணாடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.