ஊரணிப் பூச்சிகளும் மச்சான் வீட்டு விளக்குகளும்

மச்சான் வீட்டு முகப்புக்கு அடித்தது சாதாரண வெள்ளை இல்லை. கடைக்காரர் காட்டிய வெள்ளைகளிலேயே மிகவும் வெளுத்தது. மச்சான் அதைக் குவைத்தில் இருந்தபடி கைபேசித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். வீட்டின் பெரும்பகுதி அப்படித்தான் எழும்பியது. கொத்தனாருக்குப் பின்னால் என் அக்கா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அங்கிருந்து மச்சான், “அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளுங்க” என்பார். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது அப்போது அக்கா எந்தக் கையில் கைபேசி வைத்திருந்தாள் என்பதைப் பொறுத்தது. ஒரு ஜன்னல் இன்றைக்கும் யாரும் நினைக்காத இடத்தில் இருக்கிறது.

வீடு அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், குடிநீர் ஊரணிக்கு எதிரே, சாலைக்கு இந்தப் புறம். அந்த ஊரணியில் யாரும் குளிப்பதில்லை, மாடு இறங்குவதில்லை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீர் மொண்டு வருவார்கள். வீட்டில் குழாய் இருந்தாலும் சோறு வடிக்க ஊரணித் தண்ணீர்தான் வேண்டும் என்பது ஊரின் பிடிவாதம்.

பத்திரிகை வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் காலையில் அந்தப் படியில் உட்காரும் பழக்கம் வந்தது. தண்ணீருக்கு அடியில் சில குச்சிகள் நடப்பதை அங்கேதான் பார்த்தேன். அரை விரல் நீளம்கூட இல்லாத குச்சிகள். உற்றுப் பார்த்தால் குச்சிக்குள் ஒரு புழு. வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணல், இலைத்துணுக்கு, சருகுக் காம்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டித் தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டிக்கொள்கிறது. தலையையும் கால்களையும் மட்டும் வெளியே நீட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு நடக்கிறது. உடம்பு வளர வளர முன்பக்கம் கொஞ்சம் கட்டிச் சேர்க்கிறது. ஆபத்து என்றால் உள்ளே போய்விடுகிறது. கடைசியில் வீட்டை எங்காவது ஒட்டி, வாசலை அடைத்துக்கொண்டு, உள்ளே உருமாறுகிறது. பிறகு அடைப்பை அறுத்துக்கொண்டு நீந்தி மேலே வந்து, சிறகு விரித்துப் பறந்துவிடுகிறது. கட்டிய வீட்டுக்குத் திரும்பி வருவதே இல்லை.

வெளியே வந்த பூச்சி பார்ப்பதற்குப் பழுப்பு நிற அந்துப்பூச்சி போல இருக்கும். கூரை வேய்ந்தது போல மடித்த சிறகு, உடம்பைவிட நீண்ட உணர்கொம்பு. வாழ்நாளின் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் போய்விட்டபடியால் மேலே மிச்சம் கொஞ்ச நாள்தான். அந்த நாள்களில் ஏறக்குறைய எதுவும் சாப்பிடுவதில்லை. இணை தேடுவது, முட்டையிடுவது, வெளிச்சத்தைக் கண்டால் ஓடி மொய்ப்பது. இதற்கு ஆங்கிலத்தில் கேடிஸ் என்று பெயர். எங்கள் ஊரில் பெயரில்லை. “ஊரணிப் பூச்சி” என்பார்கள், ஊரணியிலிருந்து வரும் மற்ற எல்லாவற்றையும் போல. தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது இந்த வகைதான் என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொன்னபோது குடத்தோடு நின்ற ஒரு பெண், “அப்ப இதையும் சேத்துக் குடிக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டுத் துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

கார்த்திகையில் புதுமனை புகுவிழா. விடியற்காலையில் பால் காய்ச்சுவது, மாலையில் விருந்து. மற்றவர்கள் மதியம் வைக்கும் விருந்தை மச்சான் மாலைக்கு வைத்ததற்குக் காரணம் விளக்குகள். முகப்பின் ஒவ்வொரு தூணுக்கும் கீழிருந்து மேலே அடிக்கும் ஃபோகஸ் லைட், மொட்டை மாடிச் சுவரில் நீல நிற வரிவிளக்கு, நுழைவாயிலில் பூச்சரம் போலத் தொங்கும் ஒன்று. “பகல்ல எல்லா வீடும் ஒண்ணுதான் மாப்ள” என்றார். அவர் லீவில் வந்ததே அந்த ஒரு மாலைக்காகத்தான். விழா முடிந்ததும் விமானம் ஏற வேண்டும். பாலைவனத்தில் இத்தனை காலம் வேலை பார்த்ததை ஊர் பார்க்கப்போவது அந்தச் சில மணி நேரத்தில்தான்.

விழாவுக்குச் சில நாள் முன்பு சோதித்துப் பார்க்க மாலையில் எல்லா விளக்கையும் போட்டார். வீடு கப்பல் மாதிரி எழுந்து நின்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, பார்க்காதது போல நின்றார்.

மழை விட்டிருந்த சமயம். முதலில் ஒன்று வந்தது. பிறகு பத்து. கொஞ்ச நேரத்தில் மிக வெளுத்த வெள்ளை முழுக்கப் பழுப்பாகிவிட்டது.

“என்ன மாப்ள இது கருமம்!”

“ஊரணிப் பூச்சி மச்சான். வெளிச்சத்துக்கு வருது.”

“இத்தன வருஷமா இது எங்க இருந்துச்சு?”

“ஊரணியிலதான். இத்தன வருஷமா உங்க லைட்டு இல்ல.”

அக்கா படியில் உட்கார்ந்தபடி, “லைட்டை அமத்துனா போயிரும்” என்றாள். இருந்தவற்றில் மிகச் சரியான யோசனை அதுதான். அதனால் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மச்சான் என்னையும் அழைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவி வீட்டுக்குப் போனார். தலைவி மச்சானுக்கு ஒருவகையில் சொந்தம், முறை தங்கச்சி. ஊரணியில் பிளீச்சிங் பவுடரோ வேறு மருந்தோ போட்டுப் பூச்சியை ஒழிக்க வேண்டும், செலவு தன்னுடையது என்றார் மச்சான்.

“அண்ணே, அது குடிக்கிற தண்ணி.”

“சுத்தந்தானே பண்ணச் சொல்றேன்?”

“பூச்சிக்கு ஓட்டு இல்லண்ணே. அது செத்தா என்னைய யாரும் கேக்க மாட்டாக. ஆனா அந்தத் தண்ணியில சோறாக்குற ஒவ்வொருத்தரும் கேப்பாக.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க பேப்பர்க்காரவுக. மருந்து போட்டா நீங்களே எழுதிருவீங்க.”

நான் ஓய்வு பெற்றுவிட்டதைச் சொன்னேன். தலைவி அதை நம்பவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் மச்சானுக்கு ஈசல் ஞாபகம் வந்தது. மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் எங்கள் பக்கத்தில் விளக்குக்குக் கீழே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள். ஈசல் வந்து விழும். அள்ளிக் காயவைத்து, பொரிஅரிசியோடு வறுத்துத் தின்பது வழக்கம். அதே முறையில் இந்தப் பூச்சியையும் பிடித்துத் தீர்த்துவிடலாம் என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னதால் நானும் சரி என்றேன். சமையலுக்கு வந்திருந்த பெரிய அண்டாவை ஊரணி ஓரம் வைத்து, நிறைய தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம்.

பூச்சிகள் வந்தன. தண்ணீரில் விழவும் செய்தன. ஆனால் தண்ணீர் ஈசலுக்குத்தான் சாவு. இதற்கு அது பிறந்த வீடு. விடிந்து பார்த்தபோது செத்து மிதந்தவை கொஞ்சம். அண்டாவின் ஓரம் முழுக்க வழவழவென்று பளிங்கு போன்ற கூழ்க் கட்டிகள் ஒட்டியிருந்தன. பெண் பூச்சிகள் நாங்கள் ஏற்பாடு செய்த பிரசவ அறையில் முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தன.

அக்கா குனிந்து பார்த்தாள். “ஜவ்வரிசிப் பாயாசம் மாதிரி இருக்கு. பந்திக்கு இதையே வச்சிரலாம்” என்றாள். மச்சான் சிரிக்கவில்லை. அண்டாத் தண்ணீரைத் திரும்ப ஊரணியில் ஊற்றக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு என்பதால் அது தென்னைக்குப் போனது. அண்டாவைத் தேய்க்க ஆள் பிடிப்பது தனி வேலையாகிவிட்டது.

விழா நாளில் பால் நன்றாகப் பொங்கியது. மாலையில் வாசலில் ஷாமியானா போட்டு, மேசையில் இலை விரித்தார்கள். அறந்தாங்கியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மச்சானோடு குவைத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் வந்திருந்தன. இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மச்சானின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அது ஃபோகஸ் லைட்டால் மட்டும் வந்ததில்லை.

முதல் பந்தியில் சோறு வைத்து, சாம்பார் ஊற்றும் நேரத்தில் பூச்சிகள் வந்தன. ஒரு பெரியவர் இலையைக் கையால் மூடிக்கொண்டார். ஒரு பெண் தலையிலிருந்து தட்டிவிட்டது பக்கத்து இலையில் போய் விழுந்தது. ரசத்தில் ஒன்று நீந்தியது. இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் செருப்பு எங்கே என்று பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

அப்போது வீடு மொத்தமாக இருண்டது.

நான் உள்ளே போனபோது மச்சான் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். மெயின் சுவிட்சுக்குக் கீழே நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“கரண்டு போயிருச்சு” என்றாள்.

“தெருவுல எரியுது.”

“தெருவுக்கு இருக்கு. நமக்குப் போயிருச்சு.”

“எந்திரி. இந்த ஒரு நாளைக்காகத்தான நான் அங்க கெடந்து…”

“தெரியும். சாப்புட வந்தவுக எலைய விட்டு எந்திரிச்சுப் போனா, நாளைக்கு இந்த ஊருல அதக் கேட்டுக்கிட்டு இருக்கப் போறது நானு. நீங்க ஏர்போட்டுக்குப் போயிருவீங்க.”

மச்சான் அண்ணாந்து பார்த்தார். அவர் கை எட்டும் தூரத்தில்தான் சுவிட்ச் இருந்தது. பிறகு வெளியே போய், விருந்தாளிகளைப் பார்த்து உரத்த குரலில் சொன்னார்: “நம்ம லைன்ல மட்டும் என்னமோ ஃபால்ட்டு. நீங்க சாப்புடுங்க, சாப்புடுங்க.”

ஊரணி முனையில் ஊராட்சியின் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூச்சிகள் தயக்கமில்லாமல் அங்கே போய்விட்டன. அந்த விளக்கிலிருந்து வந்த அரைகுறை வெளிச்சத்தில் எல்லாப் பந்தியும் நடந்தது. எது பொரியல், எது கூட்டு என்று நாக்குதான் சொல்ல வேண்டும். சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டைப் பற்றி, “உள்ளே நல்லாக் குளுகுளுன்னு இருக்கு” என்றார் ஒருவர். இருட்டில் சொல்லக்கூடியது அதுதான். புகைப்படங்களில் பல்லும் வாழை இலையும் தெளிவாக விழுந்திருந்தன. வீடு விழவில்லை.

மச்சான் குவைத்துக்குக் கிளம்பியபோது ஃபோகஸ் லைட்டுகளுக்குத் தானே பாலித்தீன் உறை கட்டிவிட்டுப் போனார். அக்கா இப்போது பின்னறையில் புழங்குகிறாள். முன்பக்கம் பூட்டியிருக்கிறது.

போன வாரம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது மச்சான் கைபேசியில் கூப்பிட்டார். பொழுது சாய்ந்திருந்தது. விளக்கைப் போடச் சொன்னார், ஒருமுறை பார்க்க வேண்டுமாம். அக்கா உறைகளைப் பிரித்தாள், எல்லாவற்றையும் போட்டாள், சாலைக்கு வந்து கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். திரையில் வீடு முழுசாகத் தெரிந்தது. அதே திரையில் மச்சானின் முகம் நெருங்கி வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஊரணிப் பக்கமிருந்து வரத் தொடங்கின. சுவரில், தூணில், பிறகு வெளிச்சமாக இருந்த கைபேசித் திரையிலும். ஒன்று மச்சானின் நெற்றியில் போய் உட்கார்ந்து, நீளமான கொம்பை ஆட்டியது.

“வந்துருச்சுங்க” என்றாள் அக்கா. “அமத்திரவா?”

“வேணாம்” என்றார் மச்சான். “கொஞ்ச நேரம் எரியட்டும்.”