பரிசுத் தகரம்

வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் பேசி ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் அவன் போன மாதிரியே தெரியவில்லை. துரை பங்களாவில்தான் இருந்தார். போதாததற்கு, எங்களைத் திருத்தியே தீருவது என்று அவர் மனைவி துரைசாணி வேறு கிளம்பிவிட்டார்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டுக் காம்பரா ரொம்பச் சுத்தமாக இருக்கிறதோ அதற்குப் பரிசு என்று ஆபீஸ் கிளாக்கர் வந்து சொன்னார். பரிசு, கூரைக்குப் புதுத் தகரம். அப்போது எங்கள் கூரை தம்பியின் தொட்டிலுக்கு நேர்மேலே ஒழுகிக்கொண்டிருந்தது. கைக்குழந்தை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் கேட்கும். தொட்டிலை வேறு மூலைக்கு மாற்றினால் ஒழுக்கும் அந்த மூலைக்கு வந்துவிடும். அப்பா ஆபீஸ் வாசலில் எத்தனையோ முறை கைகட்டி நின்று கேட்டும் வராத தகரம் அது.

அம்மா கொழுந்து பறித்த களைப்போடு வேலையில் இறங்கினாள். சட்டிபானையை எல்லாம் பீலியில் கொட்டும் மலைத்தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள். கடைசியில் மாட்டுப்பட்டியிலிருந்து பசுஞ்சாணி கொண்டுவந்து, வாசல்படியிலிருந்து அடுப்படிவரை தரையை மெழுகிக் கோலமும் போட்டாள். பொங்கலுக்குக்கூட எங்கள் வீடு அப்படி இருந்ததில்லை. தகரம் எங்களுக்குத்தான் என்று நான் லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

துரைசாணி சப்பாத்துக் காலோடு நேரே உள்ளே வந்தார். கூடவே வந்த அவருடைய நாய், குளிர்ந்த தரை பிடித்துப்போய், கோலத்தின் மேலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. துரைசாணிக்குத்தான் பிடிக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் அதைத் தமிழில் சொன்னார்.

“சாணியை வீட்டுக்குள்ள பூசுறது ஊத்தைப் பழக்கமாம். இப்பிடி இருந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும் எண்டு கேக்கிறா.”

“இது மண் தரைங்கய்யா,” என்றாள் அம்மா. “மெழுகலேன்னா புழுதி கெளம்பிப் புள்ள மூக்குலதான் ஏறும். சிமெந்து போட்டுத் தரச் சொல்லுங்க, நான் ஏன் சாணியத் தொடப்போறேன்?”

கிளாக்கர் அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை. இவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்பதுபோல ஏதோ சொல்லியிருக்க வேண்டும். துரைசாணி பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனார்.

இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அதே மாட்டுப்பட்டியிலிருந்துதான் பங்களா ரோஜாச் செடிகளுக்குக் கூடை கூடையாகச் சாணி போகும். அந்த நாய் துரையின் கட்டிலில்தான் தூங்கும், அவர் தின்ற தட்டை நக்கும் என்று பங்களாவில் வேலை செய்த சின்னம்மா சொல்லுவாள். ரோஜாவின் காலடியில் உரமாக இருந்தது எங்கள் காலடிக்கு வந்ததும் ஊத்தையாகிவிட்டது. என்ன நாகரிகமோ, போங்கள்!

பரிசு கங்காணி வீட்டுக்குப் போனது. அங்கே தோட்ட நிர்வாகமே போட்டுக் கொடுத்த சிமெந்துத் தரை. சுத்தமாக இல்லாமல் எப்படி இருக்கும்? அவர் கூரை ஒழுகவும் இல்லை. தகரத்தைக் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. தம்பி இரும இரும எனக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மாவிடம்தான் சண்டைக்குப் போனேன்.

“நீ சாணி போடாம இருந்திருந்தா தகரம் நமக்குத்தானேம்மா கெடச்சிருக்கும்?”

அம்மா தொட்டிலை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: “லயமும் அவங்களது, கூரையும் அவங்க போட்டது. ஒழுகுனா அவங்கதான் மாத்திக் குடுக்கணும். அதுக்கு எதுக்குடி பரிசு?”

எனக்கு அது விளங்கவில்லை. தோற்றுப்போனவள் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்தேன். ஒழுகாத கூரை என்பது சுத்தமானவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பரிசு என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.