மைமூனா கழுத்தறுத்த சிப்பாய்கள்

மருதமுனையில் ஜவுபரைத் தெரியாதவர்களுக்கும் அவன் பெயின்ட் அடித்த மோட்டார் சைக்கிள்களைத் தெரியும். பெட்ரோல் தாங்கியில் மின்னல் வேண்டுமா, தீச்சுவாலை வேண்டுமா, அவனிடம்தான் போவார்கள். அப்படிப்பட்ட கை சும்மா கிடக்குமா? பழைய மீன்வலைகளில் கழற்றிய ஈயக்குண்டுகளை உருக்கி அச்சில் வார்த்து, வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்களை விரல் நீளத்தில் செய்யத் தொடங்கினான். முன்பக்கமாகப் படம் பிடித்து முகநூலில் போட்டான். இதையெல்லாம் தேடி வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைக்கிற பெரிய மனிதர்கள் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கலியாண வயதில் பிள்ளை இருக்கிறவன் பொம்மை செய்கிறான் என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டுமே!

சிரிக்காத ஒரே ஆள் மனைவி மைமூனா. "உருவம் இருக்கிற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. மறுமையில அல்லாஹ் இதுக்கெல்லாம் றூஹ் குடு எண்டு கேட்டா என்ன செய்வீங்க?" என்றாள்.

அவன் என்ன செய்வான்? உயிர் கொடுக்க அவனால் ஆகுமா? இரண்டு பேரும் சண்டை பிடித்து, பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். சிப்பாயின் கழுத்தில் பிளேடால் ஒரு கோடு கிழித்துவிட்டால் தலை வேறு, உடம்பு வேறு. அப்புறம் அது உயிருள்ள உருவமாகாது. கிழிக்கிற வேலையை மைமூனாவே எடுத்துக்கொண்டாள். அந்த நேரம் ஜவுபர் வீட்டில் நிற்கமாட்டான். பார்த்துப் பார்த்துச் செய்ததைக் கழுத்தறுப்பதைக் காண எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? "முடிஞ்சா கூப்பிடு புள்ள" என்றுவிட்டு ஒழுங்கை முனைக்குப் போய்விடுவான்.

வாங்குகிறவர்களோ அந்தக் கோட்டில்தான் மயங்கினார்கள். கொலர் தையலைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறாரே என்று புகழ்ந்தார்கள். என் பொஞ்சாதி கழுத்தறுக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

கொஞ்சக் காலத்தில் பக்கத்துப் பாண்டிருப்பில் பிரசாந் என்ற இளந்தாரி அதே சிப்பாய்களைச் செய்து அதே முகநூலில் போட்டான். அதே கோட்டு, அதே மீசை. ஜவுபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கள்ளன்! கழுத்துக் கோட்டையும் விடல்ல பாத்தியா? கோயில்ல சிலையக் கும்புடுற புள்ளைக்கு அது என்னத்துக்கு?"

ஆனால் பிரசாந் மேளம் தட்டும் சிப்பாயைப் போட்டதும், ஜவுபரும் சத்தமில்லாமல் ஒரு மேளக்காரனை வார்த்தான். யார் யாரைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று அவனுக்கே பிடிபடாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து அழகரெத்தினம் வந்தார். தம்பிலுவில்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். இவர் ஒருவரை அசல் என்றால் மற்றச் சேகரிப்பாளர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பிரசாந்தையும் ஜவுபர் வீட்டுக்கே வரச்சொல்லி, இரண்டு சிப்பாய்களை மேசையில் வைத்தார்.

"ரெண்டு பேரிட்டயும் வாங்கினன். அலுமாரி துடைக்கேக்க கலந்து போச்சு. எது ஆர்ட எண்டு நீங்களே சொல்லுங்க. அசல்காரன்ட மட்டும்தான் இனி என்ட அலுமாரியில இருக்கும்."

ஜவுபர் யோசிக்கவே இல்லை. பொத்தான்கள் வரிசை பிசகாமல் மின்னிய ஒன்றைத் தூக்கினான். "இது என்ட. மத்ததப் பாருங்க ஐயா, மீசை ஒரு பக்கமாச் சாஞ்சி கிடக்கு. கள்ளக் கைக்கு அவ்வளவுதான் வரும்."

பிரசாந் தலையைக் குனிந்துகொண்டான். "ஓம் ஐயா. நல்லது ஜவுபர் காக்காட."

அழகரெத்தினம் ஜவுபரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வேனைத் திருப்பச் சொல்ல வெளியே போனார். ஜவுபருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுக்க வந்த மைமூனா அந்த நல்ல சிப்பாயைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"இது நான் அறுத்ததில்லயே."

"என்ன புள்ள சொல்றாய்?"

"நான் சுத்திவர அறுப்பன். முன்னுக்கு மட்டும் கீறினா கழுத்து அறுபடுமா? இதுட பிடரி அப்பிடியே கிடக்கு."

மற்றதைத் திருப்பினாள். மீசை சாய்ந்தவனுக்குப் பிடரியிலும் கோடு ஓடியது.

"படத்துல முன்பக்கம்தானே தெரிஞ்சது அக்கா," என்றான் பிரசாந், முழி பிதுங்க. "கொலர் தையல் எண்டுதான் நான் நெனச்சன்."

"அடேய், உன்ட சாமான் உனக்கே தெரியாதா?"

"குழம்பிப் போச்சு காக்கா. நல்லது எப்பிடியும் உங்கடதாத்தான் இருக்கும் எண்டு நெனச்சிட்டன்."

யா அல்லாஹ்! கோபப்பட வேண்டிய ஆள் யார், வெட்கப்பட வேண்டிய ஆள் யார் என்று ஜவுபருக்கு விளங்கவில்லை. திருடியவன் நன்றாகச் செய்திருக்கிறான். பறிகொடுத்தவனுக்குத் தன் பொருளே அடையாளம் தெரியவில்லை. மைமூனாவைப் பார்த்தான். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வேன் ஹோன் அடித்தது.

"வுடுங்க காக்கா," என்றான் பிரசாந். "ஐயா சொல்லிட்டார்தானே. நீங்கதானே முதல்ல செஞ்சது."

அது மெய்தான். ஆனால் அந்த நல்ல சிப்பாய் தான் செய்ததில்லையே. ஜவுபர் இரண்டையும் அள்ளிக்கொண்டு செருப்பும் போடாமல் ஓடினான்.

"ஐயா, பிழையாப் போச்சு. இந்த நல்லது பிரசாந்த்ட."

அழகரெத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப முதல் செஞ்ச ஆள் ஆரு?"

"நான்தான் ஐயா."

"நல்லாச் செஞ்ச ஆள்?"

"அவன்."

"அப்ப உங்கட எது?"

ஜவுபர் மற்றக் கையை நீட்டினான். அவர் அதை வாங்கி வெயிலில் பிடித்து, மீசையைக் கனநேரம் பார்த்தார்.

"கள்ளக் கை எண்டு சொன்னீங்களே?"

"ஓம் ஐயா. சொன்னன்."