நான்காவது கேள்விக்கு வந்த பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாண்டிச்சேரியில் எங்கள் தெருக்கோடி வீட்டைப் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள், அந்த வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து மாங்காய் பறித்தவளே நான்தான். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இத்தனைக்கும் இது ராத்திரியில் நடந்ததுகூட இல்லை, சாயங்காலம் நாலு மணிக்கு, ஹீட்டர் போட்ட சமையலறையில் நடந்தது.

2014-ல் நான் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போனது பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க. என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சருக்குத் துணையாக ஒரு வருடம் இருந்து பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும், அதுதான் வேலை. பாரிஸிலிருந்து யாரோ வெள்ளைக்காரப் பெண் வரப்போகிறாள் என்று காத்திருந்தவர்கள், எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டுக்கொண்டு நான் போய் நின்றதும் முழித்தார்களே ஒரு முழி! நான் பிரான்சையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வாரமே அசடு வழிந்தேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்றுதானே கேட்போம், அதையே பிரெஞ்சில் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். எனக்குத்தான் பசி என்று நினைத்துக்கொண்ட ஒரு பெண், பாவம், தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதையும் ஒரு பாடமாக்கிவிடு" என்றார்.

நான் அறை எடுத்திருந்தது அந்த ஊரிலேயே ஒனிஹங்கா என்ற பகுதியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கமலா ஆன்ட்டி வீட்டில். ஆன்ட்டி பிஜியில் பிறந்தவர், கொள்ளுத்தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். பேசுவது பாதி இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, நடுவில் தட்டுத்தடுமாறித் தமிழ். என்னைக் கூப்பிடுவது 'பேட்டா' என்று, இந்தியில் பிள்ளை என்று அர்த்தம். தமிழ் அவர் வீட்டுக்காரரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சாமி அங்கிளுக்கு அவர் அப்பா வைத்த ஒரு வழக்கம் உண்டாம். மற்ற நேரத்தில் என்ன பாஷை வேண்டுமானாலும் பேசலாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் தமிழில்தான் பேச வேண்டும். சாகும்வரை அதை விடவில்லை அந்த மனிதர். நான் போவதற்கு மூன்று வருடம் முன்னால் அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆன்ட்டியிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. விடிவதற்குள் ரொட்டி சுட்டு எனக்கு லஞ்ச் கட்டிக் கொடுத்துவிடுவார், சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக என் பையைத் திறந்து டப்பாவைப் பார்ப்பார். இருபத்துநாலு வயதில் எனக்கு இது என்ன கொடுமை! ஒருநாள் சாப்பாட்டைப் பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, "சூப்பரா இருந்துச்சு ஆன்ட்டி" என்றேன். டப்பாவை ஒரு நிமிடம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்லாதே பேட்டா. சாப்ட்ட டப்பா வேற, கொட்டின டப்பா வேற."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.  அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. மங்கரேயில், ஏர்போர்ட் பக்கம், சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை சாமி அங்கிளுக்கு. ஒருநாள் லஞ்ச் நேரத்தில் காரிலேயே மாரடைப்பு. அவருடைய டிபன் டப்பா மட்டும் திரும்பி வரவே இல்லை, அந்தக் கலவரத்தில் எங்கே போனதோ.

"காலைல சண்டை. குழாய் சொட்டுது, ஃபிக்ஸ் பண்ணலன்னு நான் கத்தினேன். அவர் ஒண்ணும் பேசாம டப்பா எடுத்துட்டுப் போனார். சாப்ட்டாரா, கோபத்துல சாப்பிடலையா, எனக்குத் தெரியாது பேட்டா. பசியோட போயிட்டாரான்னு யார்கிட்ட கேக்கறது?"

 மறுநாளிலிருந்து ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஜூன் மாதம், அங்கே அதுதான் குளிர்காலம், டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். பத்துக் கேள்விகளைப் போனில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பிள்ளைகள் பதில் சொல்ல ஐந்து நொடி இடைவெளி விட வேண்டும். வீட்டிலேயே சூடான அறை சமையலறைதான். ஆன்ட்டி வேலையிலிருந்து வரவில்லை, நான் மேசையில் போனை வைத்துக்கொண்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? உனக்குக் குளிருகிறதா? நான்காவதாக, நம்முடைய சாப்பாட்டுக் கேள்வி: இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? இடைவெளி சரியாக வர வேண்டுமே என்று ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு மேசையில் விரலால் மெதுவாக ஐந்து தடவை தட்டி எண்ணினேன். வேறு ஒரு சத்தமும் இல்லை. சத்தியமாக இல்லை.

மறுநாள் வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டால், நான்காவது கேள்வியில் பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கிறார்கள். "மிஸ், யார் அந்த ஆள்? உங்க அப்பாவா?" என்றாள் ஒருத்தி.

பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கும் என்று சமாளித்தேன். திரும்பி வரும்போது ரயிலில் இயர்போன் மாட்டிக் கேட்டேன். நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், நான் பிரெஞ்சில் கேட்கிறேன், வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஓர் ஆம்பிளைக் குரல் தமிழில் பதில் சொல்கிறது.

"ரொட்டி. டின் மீன் கறி. உப்பு கொஞ்சம் கூட. பரவால்ல, முழுசாச் சாப்ட்டேன்."

முழுப் பதிவையும் ஓட்டிக் கேட்டேன். மற்ற ஒன்பது இடைவெளியிலும் ஒன்றுமில்லை. பிரெஞ்சு தெரியாத சாமி அங்கிளுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் சாப்பாட்டைப் பற்றியது என்று எப்படித் தெரிந்தது? என்னைக் கேட்காதீர்கள்.

ஆன்ட்டியிடம் போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று வீடு வரும்வரை குழம்பினேன். ஆறின புண்ணைக் கீறிவிட்டால்? ஆனால் அந்தப் புண் எங்கே ஆறியிருந்தது? இயர்போனை அவர் காதில் நானே மாட்டிவிட்டேன்.

ஆன்ட்டி அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார், அதற்கப்புறம்தான் கண்ணீர் வந்தது.

"கோபத்துல ரெண்டு தரம் உப்புப் போட்டேன் பேட்டா. வேணும்னே போட்டேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல, என் மகன்கிட்டகூட. அந்த உப்புக் கறிய முழுசாச் சாப்ட்டாராமே, பைத்தியக்கார மனுஷன்!"

இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஒரு தடவை போதும் என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து டின் மீன் கறி வைத்துச் சாப்பிட்டோம். மறுநாள் சாயங்காலம் என் பை நாற்காலியில் கிடந்தது, ஆன்ட்டி அதைத் திறக்கவில்லை. அந்த வருடம் முடியும்வரை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. நிறுத்த மாட்டாரா என்று நான் ஏங்கிய பழக்கம் அது.

இதோடு விட்டிருக்கலாம். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் என் புத்தி சும்மா இருக்காமல், எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்குமே, பிடித்துவிடலாம் என்று அந்தப் பதிவை முதலிலிருந்து கவனித்துக் கேட்டேன். நான் மேசையில் தட்டியதும் லேசாகப் பதிவாகியிருக்கிறது. முதல் கேள்விக்குப் பிறகு ஐந்து. இரண்டாவதற்கு ஐந்து. மூன்றாவதற்கு ஐந்து. ஐந்திலிருந்து பத்துவரை எல்லாவற்றுக்கும் ஐந்து.

நான்காவதற்கு மட்டும் எட்டு. அவர் "முழுசாச் சாப்ட்டேன்" என்று முடிக்கும்வரை என் விரல் நிதானமாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. முடித்த பிறகுதான் நான் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.

அந்த அறையில் என் காதில் எந்தக் குரலும் விழவில்லை. காதில் விழாத குரல் முடியட்டும் என்று எப்படிக் காத்திருந்தேன்?

இப்போது பாண்டியில்தான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். மேசையில் தட்டுவதை விட்டுவிட்டேன், மனசுக்குள் எண்ணுவதோடு சரி. ஆனால் ஐந்தில் நிறுத்த முடிவதில்லை. இன்னும் ஒரு மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.