நூற்று எழுபத்தோராவது ஓட்டு

எங்கள் பள்ளியில் புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடும் கிளப்புக்கு. செஸ், தோட்டம், நாடகம், பேச்சு, கைவேலை என்று மொத்தம் பதினொரு கிளப். பதினொன்றையும் பதினாலு வருஷமாகக் கட்டி மேய்த்தவர் ஒரே ஆள். உத்தியோகப்படி அவர் கணக்கு டீச்சர். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் கிளப் டீச்சர்தான். நான் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் தொங்குவதால் விசில் சார்.

கிளப் டீச்சரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பஸ் ஏறும் பிள்ளைகளை எண்ணுவார், ஏறிய பிறகும் எண்ணுவார், பஸ் கிளம்பிப் போனபின் “எண்ணினேன் இல்ல?” என்று என்னைக் கேட்பார். வருஷ ஆரம்பத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க டிபன் பாக்ஸைத் திறக்காமல் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த மூன்று கிளப்பைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். நானாக இருந்தால் முதல் பெயரைப் பார்த்து ஆளைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அவர் மூன்றையும் படிப்பார். முதலாவது அப்பா அம்மா சொன்னது, இரண்டாவது சினேகிதி எழுதியது, மூன்றாவதில்தான் பிள்ளை இருக்கும் என்பது அவர் கட்சி. அப்படித்தான் வாயே திறக்காத ஒரு பையனை நாடகத்தில் போட்டார். இன்று அவன் வாயை மூடவைக்க நாங்கள் படாத பாடு படுகிறோம்.

இத்தனை பயந்தவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசைய மாட்டார். மாணவர் தலைவர் தேர்தலில் ஒன்றாம் வகுப்புக்கும் ஓட்டு உண்டு. எங்கள் தலைமையாசிரியைக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு எதற்கு ஓட்டு, ஒரு தப்பு நடக்கட்டும், அன்றோடு நிறுத்துகிறேன் என்று வருஷா வருஷம் சொல்வார். அதனாலேயே தேர்தல் மாதம் வந்தால் கிளப் டீச்சருக்குத் தூக்கம் போய்விடும்.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்காக அவரே ஒரு வழி செய்திருந்தார். தேர்தலில் நிற்பவர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே தெரியாதபடி சுற்றிலும் கறுப்புக் காகிதம். மூடியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் அவர் போட்டோ. டப்பாக்கள் தரையில் இருக்கும். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் மேலிருந்து பார்த்து, கையிலிருக்கும் ஒரு பாசிமணியைப் போட வேண்டும்.

இந்த வருஷம் நின்றவர்கள் எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி பேச்சு கிளப் தலைவி. மைக் கையில் கிடைத்தால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும், அதனால் அவளுக்குப் பெயரே மைக். மற்றவள் தோட்ட கிளப் தலைவி, செடி.

எண்ணும் அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மைதானத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்று தலைமையாசிரியை ஆள்மேல் ஆள் அனுப்பினார். நான் அவசரத்துக்குப் பிறந்தவன். இரண்டு மூடியையும் திருகி ஒன்றாக மேஜையில் போட்டேன். டீச்சர் எண்ணினார். ஒன்றில் நூற்று அறுபத்துமூன்று. மற்றதில் நூற்று எழுபது மணி, கூட ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். பொத்தான் செல்லாது என்றேன்.

“மணி தொலைஞ்சிருக்கும் சார். கையில கெடச்சதைப் போட்டிருக்கு. அதுவும் ஓட்டுதான்.”

நூற்று எழுபத்தொன்று என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் மூடிகளைப் பார்த்தார். இரண்டும் குப்புறக் கிடந்தன. எந்த மூடி எந்த டப்பாவுடையது என்று கேட்டார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாது என்ற சொல் வாயில் வராது. ஜெயித்தது மைக், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். ஞாபகமும் இல்லை ஒன்றும் இல்லை. வெளியே இடி இடித்தது, அவ்வளவுதான். என் சொல்படியே மூடி போட்டு டப்பாக்களைப் பீரோவில் வைத்தோம். மைக்குக்குத் தலைவர் பேட்ஜ் குத்தினார்கள். அன்று மழையும் வரவில்லை.

மறுநாளிலிருந்து டீச்சர் தினமும் ஒரு தடவை, மூடி விஷயம் உறுதிதானே என்று என்னைக் கேட்பார். நூறு சதவீதம் என்பேன். கேட்டுவிட்டு நகத்தைக் கடிப்பார். வராந்தாவில் பேட்ஜ் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் ஒரு தடவை நூறு சதவீதம் என்றவன் எப்படித் தொண்ணூறுக்கு இறங்குவது?

ஒன்பதாம் நாள் ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. பொத்தானைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அம்மாவின் உத்தரவாம். ஒரு வாரத்துக்குப் பிறகு டீச்சர் சிரித்தார். பீரோவைத் திறந்து மைக்கின் டப்பாவை எடுத்தார்.

“அதுல இல்ல மிஸ். செடி அக்கா டப்பாவுல போட்டேன். அவங்கதான் எனக்கு அவரைச்செடி குடுத்தாங்க.”

டீச்சர் கை மூடியிலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகத் திறந்து, மணிகளுக்கு நடுவிலிருந்து பொத்தானை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவள் துள்ளிக்கொண்டு ஓடினாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார், அன்னைக்கு மூடி... நெஜமாவே ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்த மாதிரிதான் இருந்துச்சு டீச்சர்” என்றேன். வெட்கங்கெட்ட பதில். அவர் கிளப் ஃபைலை எடுத்து ஏதோ எழுதினார், தலைமையாசிரியையைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து தலைமையாசிரியை சொன்னதைச் சொன்னார். யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள், வெளியே சொன்னால் சின்னப் பிள்ளைகள் ஓட்டை மறந்துவிடுங்கள் என்றாராம்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் டீச்சர் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். பேசுமுன் அதன் ஒயரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். எண்ணும்போது தப்பு நடந்துவிட்டது, தப்பு என்னுடையது, ஜெயித்தது செடி என்றார். மைக் தன் பேட்ஜைத் தானே கழற்றினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பேச ஒன்றுமில்லை. முந்நூற்று முப்பத்துநாலு பிள்ளைகளுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். வாயில் விசில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

அன்று மாலை மைக்கின் அப்பா வந்து கத்திவிட்டுப் போனார். கிளப் பொறுப்பை டீச்சரிடமிருந்து பிடுங்கினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு மேல்தான் ஓட்டு என்று சுற்றறிக்கை வந்தது. “பொறுப்பான ஆள் வேணும் சார்” என்று தலைமையாசிரியை அந்த ஃபைலை என்னிடமே கொடுத்தார்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்தேன். பதினாலு வருஷத்தில் அதில் ஒரு பொய் கிடையாது. தான் மூன்று நிமிஷம் தாமதமாக வந்ததைக்கூட எழுதி வைத்திருப்பார். கடைசிப் பக்கம் தேர்தல். குட்டி பொத்தான் கேட்டு வந்த நாளின் தேதி போட்டு, அவருடைய உருண்டை எழுத்தில் இரண்டு வரி. ‘இரண்டு மூடியையும் ஒன்றாகத் திறந்தது: நான். எந்த மூடி எதற்கு என்று சொன்னது: நான்.’

டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. எதிர் மேஜையில் டீச்சர் தலை நிமிராமல் கணக்கு நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு ‘நான்’ஐயும் அடித்து என் பெயரை எழுதினேன். எழுந்தேன். எங்கே என்று கேட்டார். தலைமையாசிரியையிடம் என்றேன்.

ஃபைலில் நான் அடித்து எழுதியதைப் பார்த்தார். “பாத்துப் பேசுங்க சார். என் விஷயம் கெடக்கட்டும். சின்னப் பசங்க ஓட்டை மொதல்ல கேளுங்க.”

கேட்டேன். தலைமையாசிரியை அரைமணி நேரம் என்னைக் காய்ச்சி எடுத்தார். ஃபைல் அன்றைக்கே கிளப் டீச்சர் மேஜைக்குத் திரும்பியது. ஓட்டு திரும்பவில்லை, யோசிக்கலாம் என்றிருக்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் போய்க் கேட்கிறேன். நான் திரும்பி வரும்வரை டீச்சர் நகத்தைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார்.

போன வாரம் அந்தக் குட்டி என் விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது.

“சார், அடுத்த வருஷம் எனக்கு ஓட்டு உண்டா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். உண்டு என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

“தெரியலம்மா” என்றேன்.