ரஷ்யக் கோப்பை அல்ல

பார்க்டேல் தேவாலய மண்டபச் சந்தையில் பழைய பீங்கான் விற்ற அந்த நெட்டைப் பெண்மணி, ஒவ்வொரு கோப்பையையும் ஏப்ரனில் துடைத்துத்தான் கையில் தருவார். அடியிலிருந்த சோவியத் முத்திரையைப் பார்த்து, “ரஷ்யக் கோப்பையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“உக்ரேன். நான் வேலைசெய்த ஆலையிலும் முதலில் மொஸ்கோ கேட்ட ரோஜாவைத்தான் வரைந்தோம். பிறகு எங்கள் சட்டைகளில் தைக்கிற சிவப்புக் கறுப்புப் பூவேலையை விளிம்பில் வரையத் தொடங்கினோம். சரியாகக் கேளுங்கள், தருகிறேன்.”

கேட்டேன். தந்தார்.

வெளியே வந்ததும் மனைவி சிரித்தாள். “உங்களை இந்தியனோ எண்டு கேட்டால், வில்லங்கம் வேண்டாமெண்டு ஓம் எண்டுற ஆளெல்லே நீங்கள்?”

மறுநாள் லிப்டில் ஒருவர் அதையே கேட்டார். “இல்லை, ஈழத்தமிழன்” என்று தொடங்கி, பதினேழாம் மாடிவரை விளக்கினேன். அவர் இறங்கவேண்டியது ஏழாம் மாடி.