மாடத்தி மறைத்த ஜெர்மனி

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு விஷயம் மறு வீட்டுக்குப் போக வேண்டுமானால் மாடத்தியின் வழியாகப் போவதுதான் வழக்கம். மாநகராட்சிக்காக வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை எடுக்கிற பச்சைக் கோட்டுப் பெண்களில் அவளும் ஒருத்தி. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் நுழைந்தாளானால், எடுத்த குப்பையைவிடக் கேட்ட கதைதான் கனமாக இருக்கும். யார் வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தது, யாருக்குச் சர்க்கரை மாத்திரை மாறியது, எல்லாம் காலி உறைகளே சொல்லிவிடும். அதை அடுத்த வாசலில் இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கேட்டதை உள்ளேயே வைத்திருந்தால் அவளுக்கு வயிறு உப்பும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு விஷயத்தை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாள். அவள் மகள் விஜி மேற்படிப்புக்கு ஜெர்மனி போகத் திட்டம் போட்டிருந்தாள். இயற்பியலில் பட்டம் முடித்தவள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர், எத்தனை குளிர் என்று சகலத்தையும் கைபேசியிலேயே விசாரித்து வைத்திருந்தாள். இனி வேண்டியது பாஸ்போர்ட் மட்டும்தான். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டால் ஒரு வருஷம் வீண். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற அப்பா சுப்புராஜ் கேட்டது ஒரே கேள்விதான், அங்கே சோறு கிடைக்குமா என்று. கிடைக்கும் என்று விஜி சொன்னதும் அவர் சம்மதித்துவிட்டார்.

மாடத்திதான் நிபந்தனை போட்டாள். விமானம் ஏறுகிற வரைக்கும் சந்தில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டுத் தங்கதுரையின் மகன் கனடாவுக்குப் போகிறான் என்று லட்டு கொடுத்தார்கள். லட்டு தின்ற வாய் காய்வதற்குள் விசா மறுக்கப்பட்டது. கண்பட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னதும் மாடத்திதான். அந்த வீட்டுக் குப்பையில் புதுக் கம்பளிக் கோட்டின் உறை கிடந்த சங்கதியைச் சந்து முழுக்கக் கொண்டு சேர்த்ததும் மாடத்திதான்.

விஜி தினமும் காலைப் படகில் எறணாகுளம் போய் ஜெர்மன் மொழி படித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். பையும் கையுமாக எங்கே போகிறாள் என்று பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் கேட்டபோது, இடக்கொச்சியில் அத்தை வீட்டுக்குத் தையல் படிக்கப் போகிறாள் என்று மாடத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொல்லிப் பழகியவளுக்கு மறைத்துப் பழக்கமில்லை. கேள்வி கேட்டால் வானத்தைப் பார்த்தாள், விஜியின் பேச்சை எடுத்தால் சாக்கைக் கட்டத் தொடங்கினாள். சந்து யோசித்தது. மாடத்தி வாய் திறக்கவில்லை, பெண் தையல் படிக்கிறாள், அப்படியென்றால் வேறென்ன? கல்யாணம்தான்.

அந்தச் சந்துக்கென்று ஒரு மரியாதை உண்டு. பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தால், பகை இருந்தாலும் எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். அதனால் ஒரு நாள் மதியம், மாடத்தி வீடு பூட்டியிருந்த நேரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஃபைலோடு வந்து விஜி இங்கேதான் இருக்கிறாளா, ஆள் எப்படி என்று கேட்டபோது சந்து தயாராக இருந்தது. வந்தவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் சஜி. சீருடையில் இல்லை. விஜியைக் கைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். வகுப்பில் அணைத்து வைத்திருந்தாள்.

கனகாம்பாள் அவருக்கு நாற்காலி போட்டாள். "அவ இங்க நிக்கிறதே இல்ல சாரே. இடக்கொச்சியில அத்தை வீட்லயாக்கும் இருக்கா. இந்தச் சந்துல பையன்மாரு நிக்கிறதுனால காலே வைக்க மாட்டா. அவ்வளவு அடக்கம்."

சாயாக் கடை ரமேஷ்பாபு தன் பங்குக்கு, வெளிநாடு வேலை என்று ஆசைப்படுகிற குடும்பமே இல்லை, பெண்ணைப் பாலம் தாண்டி அனுப்பமாட்டார்கள் என்றான். சஜி எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு, கொடுத்த சாயாவையும் குடித்துவிட்டுப் போனார். சந்துக்குப் பரம திருப்தி.

இரண்டொரு நாளில் விஜியின் கைபேசிக்குச் செய்தி வந்தது. சொன்ன முகவரியில் அவள் வசிக்கவில்லையாம். பாஸ்போர்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், இடக்கொச்சியில் இருப்பதாகப் பக்கத்து வீட்டிலேயே சொன்னார்களே என்றார்கள். சந்து வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

விஜி கத்தவில்லை. "நான் எங்கம்மா இருக்கேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பொய்யை விதைத்தது தானேதான் என்பது மறந்துபோய், மாடத்தி சண்டை பிடிக்கும் வேகத்தோடு கனகாம்பாள் வாசலில் போய் நின்றாள். கனகாம்பாள் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். "எந்தாச்சு மாடத்தி, பையன் வீட்டுல சம்மதிச்சாச்சா?"

வந்த சண்டை அந்தச் சிரிப்பின் முன்னால் நிற்கவில்லை. "பையனும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. வந்தது போலீசாக்கும். விஜி மோளு போறா. படிக்க. ஜெர்மனிக்கு."

இதை அவள் சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. புருஷனிடம்கூட 'அந்த விஷயம்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். கண்ணுக்குப் பயந்துதான் மறைக்கிறோம் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள். அது அல்ல. சொல்லாத வரைக்கும் விஜி எங்கும் போகவில்லை. அதனால்தான் சொல்லாமல் இருந்தாள். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

கனகாம்பாளுக்குக் கோபம்தான் வந்தது. சந்துக் கதை முழுக்கத் தன்னிடம் கொட்டியவள் சொந்தக் கதையைத் தன்னிடமே மறைத்துவிட்டாளே என்று. ஆனாலும் சாயா போட்டுக் கொடுத்தாள். அது ஆறுவதற்குள் செய்தி சந்தின் கடைசி வீடு வரைக்கும் போயிருந்தது. மாடத்தியின் வேலையை அன்றைக்கு வேறொருத்தி செய்தாள்.

மறுநாள் இரண்டு பேர் போதும் என்ற இடத்தில் சந்தே கிளம்பியது. ரமேஷ்பாபு கடையைச் சாத்திவிட்டு வந்தான். தங்கதுரையும் வந்தார். அவர் முகத்தைப் பார்க்க மாடத்திக்குக் கூசியது. அவர் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. "தேதி தப்பிப் போயிடக் கூடாது, வேகம் நட" என்று மட்டும் அவசரப்படுத்தினார்.

ஸ்டேஷனில் சஜி கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆளுக்கு ஆள் பேச வாயெடுத்தபோது கை காட்டி நிறுத்தினார். பெற்றவள் சொல்லட்டும் என்று, உங்கள் மகள் எங்கே இருக்கிறாள் என்று மாடத்தியிடம் கேட்டார்.

மகள் போக வேண்டுமானால் அவள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு அதைச் சொல்ல நேரமாயிற்று. பக்கத்தில் நின்ற விஜி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"எங்கூடத்தான் இருக்கா சாரே" என்றாள் மாடத்தி.

சஜி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.